ஓட்டுக் கேட்டு வந்த காகிதம்

கிங்ஸ்டன், நியூயார்க் மாநிலம்
12.10.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். சென்ற வாரம் தொலைபேசியில், அடுத்த ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலுக்கு நம் தொகுதியில் யாருக்குச் சீட்டு கிடைக்கும் என்று பேசிக்கொண்டிருந்தபோது, "உங்கள் ஊர் எம்.எல்.ஏ. என்னதான் சொல்லி ஓட்டுக் கேட்கிறார்?" என்று கேட்டீர்கள். இரண்டு வார்த்தையில் அடங்காது என்பதால் எழுதுகிறேன்.

இந்த மாநிலத்தின் சட்டமன்றம் ஆல்பனியில் கூடுகிறது. கீழவையில் 150 பேர், மேலவையில் 63 பேர். இரண்டு அவைகளுக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை தேர்தல் வந்துவிடும். தலைமை பட்டியல் வெளியிட்டு வேட்பாளரை அறிவிக்கும் வழக்கம் இங்கே இல்லை. பிரைமரி என்னும் உட்கட்சித் தேர்தலில், அந்தக் கட்சியின் பெயரில் பதிவு செய்துகொண்ட வாக்காளர்களே யார் நிற்பது என்று தீர்மானிக்கிறார்கள். எங்கள் 103-ஆம் தொகுதியில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உறுப்பினராக இருந்த கெவின் கேஹிலை, 2022 ஜூனில் நடந்த ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் எங்கள் இன்றைய உறுப்பினர் சரஹானா ஸ்ரேஷ்டா தோற்கடித்தார். நேபாளத்தில் பிறந்தவர், பருவநிலை இயக்கத்தில் வேலை செய்தவர், ஜனநாயக சோசலிஸ்டுகள் அமைப்பைச் சேர்ந்தவர். நம் பக்கத்துச் செங்கொடிக்காரர்கள் தனிச் சின்னத்தில் நிற்பார்கள். இவர்களோ பெரிய கட்சியின் உள்ளே நின்று போட்டியிடுகிறார்கள்.

அந்தக் கோடையில் அவருக்காக வாக்குச் சேகரிக்க வந்த ஓர் இளைஞர், எனக்கு ஓட்டு இல்லை, கிரீன் கார்டுதான் என்று சொன்ன பிறகும் போகாமல், வாசலிலேயே நின்று கால் மணி நேரம் பேசிவிட்டு ஒரு துண்டறிக்கையைத் தந்துவிட்டுப் போனார். எந்தத் தலைவரின் படமும் அதில் இல்லை. இலவசமாக இன்னது தருவேன் என்ற வாக்குறுதியும் கண்ணில் படவில்லை. ஆல்பனியில் கிடப்பில் கிடக்கும் மசோதாக்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, இவற்றை நிறைவேற்றவே என்னை அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். பொதுவாக "ஏழைகளுக்குப் பாடுபடுவேன்" என்று சொல்பவரைப் பிறகு எதைக் காட்டிக் கேள்வி கேட்பது? மசோதாவின் பெயரைச் சொல்லிவிட்டால் தப்பிக்க இடமில்லை.

முதலில் வீடு. நியூயார்க் நகரத்துக்கு வடக்கே சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது எங்கள் ஊர். ஐ.பி.எம். தொழிற்சாலை 1990-களில் மூடப்பட்ட பின் சோர்ந்து கிடந்த இந்த ஊரில், 2020-இல் கொரோனாவுக்கு அஞ்சி நகரத்தை விட்டு வந்தவர்களால் வீட்டு விலையும் வாடகையும் தாறுமாறாக ஏறின. எங்கள் மாடியில் குடியிருக்கும் மருத்துவமனை ஊழியரான அம்மையாருக்கு, ஒப்பந்தம் முடியும் மாதத்தில், எந்தக் காரணமும் சொல்லாமல், வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. அவர் வாடகை பாக்கி வைத்தவர் அல்லர். சட்டப்படி அப்போது காரணம் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. துண்டறிக்கையில் கேட்டிருந்த சட்டம் இதற்கானதுதான்: தக்க காரணம் இல்லாமல் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுக்கக் கூடாது, வரம்பு மீறி வாடகையை உயர்த்தினால் குடியிருப்பவர் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம் என்பது. 2024-இல் மாநில பட்ஜெட்டோடு சேர்த்து அது நிறைவேறியது. ஆனால் பேரம் பேசிப் பேசி இளைத்துப்போய் வந்தது. நியூயார்க் நகரத்துக்கு மட்டும் தானாகவே பொருந்தும். மற்ற ஊர்கள் விரும்பினால் ஏற்றுக்கொள்ளலாம். 2009-க்குப் பின் கட்டிய கட்டடங்களுக்கு முப்பது ஆண்டு விலக்கு. விலைவாசி உயர்வோடு 5 சதவீதம், அல்லது மொத்தம் 10 சதவீதம், இவற்றில் எது குறைவோ அதுதான் வாடகை உயர்வின் வரம்பு. கிங்ஸ்டன் நகர மன்றம் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது.

எங்களுடையதைப் போன்ற பழைய கட்டடங்களுக்கு வேறொரு பாதுகாப்பும் வந்தது. 1974-க்கு முன் கட்டப்பட்டு, ஆறு வீடுகளுக்குக் குறையாமல் உள்ள கட்டடங்களின் வாடகையை ஒரு வாரியம் நிர்ணயிக்கலாம் என்ற ஏற்பாட்டை, ஊரில் காலியாக உள்ள வாடகை வீடுகள் 5 சதவீதத்துக்கு மேல் இல்லாவிட்டால் எந்த ஊரும் பயன்படுத்திக்கொள்ள 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது. 2022-இல் கிங்ஸ்டன் அதைக் கையில் எடுத்தது. வாரியம் வாடகையை 15 சதவீதம் குறைக்கவே உத்தரவிட்டது. வீட்டு உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். இந்த ஆண்டுதான் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் நகரத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. முன்பணமாக ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்பதும் அதே 2019-ஆம் ஆண்டுச் சட்டம்தான். சென்னையில் பத்து மாத அட்வான்ஸுக்கு அண்ணன் அலைந்ததை நினைத்துக்கொண்டேன். வாடகையைக் கட்டிப்போட்டால் புதிதாக யார் வீடு கட்டுவார்கள் என்று உரிமையாளர்கள் கேட்பதையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியவில்லை. வீடு பற்றாக்குறைக்கு இந்தச் சட்டம் மருந்தாகாது. இருக்கிறவரை வெளியேற்றாமல் காக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது, மின்வாரியத்தில் வாழ்நாளெல்லாம் வேலை பார்த்த உங்களுக்குச் சிரிப்பு வரக்கூடிய செய்தி. இங்கே மின்சாரம் வழங்குவது தனியார் நிறுவனம். அது பில் போடும் கணினி முறையை மாற்றியபோது பல மாதம் எங்களுக்கு பில்லே வரவில்லை. பிறகு, குளிர்காலத்தில், எல்லாம் சேர்ந்து ஒரே தொகையாக, அதுவும் தவறான கணக்கோடு வந்தது. இதைத் திருத்த எத்தனை முறை தொலைபேசியில் காத்திருந்தேன் என்று சொன்னால் நீங்கள் உங்கள் பழைய அலுவலகத்தையே புகழத் தொடங்கிவிடுவீர்கள். ஸ்ரேஷ்டாவின் நிலைப்பாடு, மின்சாரம் பொதுச் சொத்தாக வேண்டும் என்பது. மாநிலத்துக்குச் சொந்தமாக ஒரு மின் ஆணையம் 1931 முதல் இருக்கிறது. பின்னாளில் அதிபரான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இங்கே ஆளுநராக இருந்தபோது தொடங்கியது. நயாகராவில் பெரிய நீர்மின் நிலையத்தை நடத்துவதும் அதுதான். அந்த ஆணையமே சூரிய, காற்றாலை மின் நிலையங்களைக் கட்டட்டும் என்ற மசோதா 2023-இல் பட்ஜெட்டில் இடம்பெற்று நிறைவேறியது. 2030-க்குள் மின்சாரத்தில் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வர வேண்டும் என்று மாநிலம் 2019-இலேயே சட்டம் போட்டிருந்தது. தனியாரை நம்பி அந்த இலக்கை எட்ட முடியாது என்பதுதான் இயக்கத்தினரின் வாதம். அவர்கள் கேட்டது 15,000 மெகாவாட். இந்த ஆண்டுத் தொடக்கத்தில் ஆணையம் ஒப்புக்கொண்ட முதல் திட்டமோ சுமார் 3,000 மெகாவாட். எங்கள் பகுதித் தனியார் நிறுவனத்தையே பொது அமைப்பாக மாற்றும் மசோதாவையும் அவர் கொண்டுவந்திருக்கிறார். அது இன்னும் நிறைவேறவில்லை. பொதுத்துறை என்றாலே எல்லாம் சரியாகிவிடும் என்று இங்குள்ள இளைஞர்கள் பேசும்போது, நம் வாரியத்தின் கடனைப் பற்றி நீங்கள் புலம்புவது என் காதில் விழுகிறது. அதைச் சொன்னால், இங்கே லாபமும் தனியாருக்குப் போகிறது, பில்லும் ஏறுகிறதே என்கிறார்கள்.

பருவநிலை மாற்றம் இங்கே வெறும் பேச்சு இல்லை, அப்பா. ஹட்சன் ஆற்றில் கடலின் ஏற்ற இறக்கம் எங்கள் ஊரையும் தாண்டி வடக்கே ட்ராய் நகரம் வரை தெரியும். கடல் மட்டம் உயர்ந்தால் எங்கள் துறைமுகத் தெருவும் நனையும்.

சமூக நீதி என்று அவர்கள் தனியாகப் பிரித்துப் பேசுவதில்லை. பருவநிலைச் செலவின் பலனில் குறைந்தது 35 சதவீதம் பின்தங்கிய பகுதிகளுக்குச் சேர வேண்டும் என்று, 70 சதவீத இலக்கு வைத்த அந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. எல்லாருக்கும் அரசே மருத்துவக் காப்பீடு தரும் மசோதா கீழவையில் பல முறை நிறைவேறியும் மேலவையில் நிற்கிறது. உள்ளூர்க் காவல்துறை குடியேற்றத் துறைக்குக் கையாளாகக் கூடாது என்ற மசோதாவும் அப்படியே கிடக்கிறது. இப்போதைய நிலையில் என்னைப் போன்றவர்களுக்கு மிக நெருக்கமானது இதுதான். அதுவே நகராமல் இருப்பதுதான் எனக்கு இவர்கள் மேல் உள்ள பெரிய குறை.

அடுத்த ஜூனில் மறுபடியும் பிரைமரி வருகிறது. நம் தொகுதியில் வேட்பாளர்கள் அறிவிக்கப்பட்டதும், அவர்கள் வீடு, மின்கட்டணம் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று நோட்டீஸைப் படம் எடுத்து அனுப்புங்கள். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்றும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகள்