லாரிக்கு முன் மருத்துவர் வரட்டும்: இஸ்தான்புல் நகராட்சித் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இஸ்தான்புல்லின் 39 மாவட்ட நகராட்சிகளின் மதிப்பிற்குரிய தலைவர்களுக்கு,

வணக்கம். 'சோப் எவ்', அதாவது குப்பை வீடு, என்ற தலைப்பில் துருக்கித் தொலைக்காட்சிகளில் அடிக்கடி வரும் செய்தியின் அமைப்பு மாறுவதே இல்லை. நாற்றம் தாங்காமல் அண்டை வீட்டார் புகார் கொடுக்கிறார்கள். நகராட்சிக் காவலரும் முகக்கவசம் அணிந்த துப்புரவுப் பணியாளரும் வருகிறார்கள். மாலைக்குள் எத்தனை லாரி குப்பை வெளியேறியது என்ற கணக்கு தலைப்புச் செய்தியாகிறது. அந்த வீட்டில் வாழ்ந்தவர் அன்றிரவு எங்கே படுத்தார், அடுத்த ஆண்டு எப்படி இருந்தார் என்று விசாரித்த செய்தி எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. இம்மடல் அவரைப் பற்றியது. இதன் துருக்கி மொழி வடிவம் தங்கள் அலுவலகங்களுக்குத் தனியே வருகிறது.

துப்புரவே கூடாது என்பது என் வாதமன்று. நடைவழி அடைபட்ட வீட்டில் தீப்பிடித்தால் சாகப்போவது அவ்வீட்டார் மட்டுமல்ல. நிலநடுக்கப் பிளவின் அருகே குடியிருக்கும் இந்நகரத்துக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. 1930ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருப்பதையும் அறிவேன். ஆனால் அளவுமீறிப் பொருள் குவிப்பது ஒரு நோய். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் அதைத் தனி நோயாக வகைப்படுத்தியது. 2022 முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் அதற்குத் தனி இடம் உண்டு. பெரும்பாலும் பதின்பருவத்தில் அரும்பி, வயது ஏற ஏற முற்றும் இந்நோயில் பாதிப் பேர்வரை மனச்சோர்வுக்கும் ஆளாகிறார்கள். நோயாளியின் வீட்டுக்கு முதலில் போகவேண்டியவர் யார் என்பதே என் கேள்வி.

துருக்கியில் இக்கேள்விக்குத் தனி அழுத்தம் உண்டு. தெருவில் கிடக்கும் ரொட்டித் துண்டை எடுத்து முத்தமிட்டு, நெற்றியில் ஒற்றி, யார் காலும் படாத உயரத்தில் வைத்துவிட்டுப் போகும் மக்கள் இவர்கள். காய்ந்த ரொட்டியைக்கூடக் குப்பையோடு கலக்காமல் தனிப் பையில் கட்டித் தொங்கவிடுவார்கள். வைக்கோலைச் சேர்த்து வை, அதற்கொரு காலம் வரும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரிந்த பழமொழி. 1942இல் ரொட்டிக்குப் பங்கீட்டு அட்டை, எழுபதுகளின் இறுதியில் சமையல் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் நீண்ட வரிசைகள், 1999 ஆகஸ்டில் 17,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன நிலநடுக்கம் என்று, கையில் இருப்பதை விடாதே எனக் கற்பித்த பாடங்களுக்கும் குறைவில்லை. வரிசையில் நின்றவர் எல்லோரும் இந்நோய்க்கு ஆளாகவில்லை என்பது உண்மைதான். பரம்பரைக்கும் இதில் கணிசமான பங்கு உண்டு. ஆயினும் நோய் வந்தவருக்கு, ஊரே மெச்சும் சிக்கனம் அதை மறைக்கும் போர்வையாகிவிடுகிறது. கழுவிய தயிர் வாளியை எடுத்துவைக்காத வீடு இந்நாட்டில் ஏது? அடுக்கு எந்த உயரத்தைத் தாண்டும்போது அது நோயாகிறது என்று வீட்டாருக்கே தெரிவதில்லை.

எங்கள் அடுக்ககத்தில், எந்த மாவட்டம் என்று சொல்லப்போவதில்லை, தையல் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு மூதாட்டி இருந்தார். எல்லோருக்கும் அவர் 'தெய்ஸே', அதாவது சித்தி. மாலையில் கதவருகே வைக்கும் குப்பைப் பையை வாயிற்காவலர் மாடி மாடியாக வந்து எடுத்துப்போவது இங்கு வழக்கம். அவர் கதவருகே நெடுநாளாகப் பையே இல்லை என்பதை முதலில் கவனித்தவர் அந்தக் காவலர்தான். உள்ளே துணிச் சுருள்கள், நூல் கட்டிய செய்தித்தாள்கள், குளியல் தொட்டி நிறைய ஊறுகாய் ஜாடிகள். படுக்கைவரை ஒருக்களித்து நடக்க மட்டும் இடம். மகள் வந்தால் மாடிப்படியிலேயே நிற்கவைத்துப் பேசி அனுப்பிவிடுவார். விருந்தினருக்கென ஒரு நல்ல அறையைப் பூட்டிவைத்துப் பேணும் நாட்டில், பெற்ற மகளைக்கூட உள்ளே அழைக்க முடியாத வெட்கம் எத்தகையது என்று எண்ணிப்பாருங்கள். துப்புரவு நாளன்று அவர் செருப்பும் மேலங்கியுமாகப் படியில் நின்று கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மறைந்த கணவரின் எக்ஸ்ரே படங்கள் இருந்த உறை. பணியாளர்கள் கெட்டவர்கள் அல்லர். மூட்டைகளுக்குள் அதைத் தேட அவர்களுக்கு நேரம் ஒதுக்கப்படவில்லை. கீழே ஒரு படக்கருவி காத்திருந்தது. அடுத்த குளிர்காலத்துக்குள் அந்த நடைவழி மீண்டும் நிறைந்தது. இம்முறை கதவைத் தட்டினால் அவர் குரல்கூடக் கொடுக்கவில்லை.

இது அவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. சிகிச்சையின்றி வலிந்து காலிசெய்த வீடுகள் மீண்டும் நிறைவதும், நோயாளி எவரையும் நம்பாதவராகிவிடுவதும் இத்துறையில் பணியாற்றுவோர் நன்கறிந்தவை. பலனளிப்பதாக ஆய்வுகள் காட்டுவது, எண்ணத்தையும் நடத்தையையும் மெல்ல மாற்றும் உளச்சிகிச்சை. வீட்டுக்கே வந்து, ஒவ்வொரு பொருளாக நோயாளியே எடுத்து, அவரே முடிவு செய்யப் பழக்கும் பொறுமையான வேலை அது. மாதக்கணக்கில் ஆகும். ஆனாலும் ஒரே வீட்டுக்குத் திரும்பத் திரும்ப லாரி அனுப்புவதைவிடச் செலவு குறைவாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

அதற்கான ஆட்கள் இந்நாட்டில் இல்லாமல் இல்லை. ஒவ்வொருவருக்கும் குடும்ப மருத்துவர் இருக்கிறார். 2008இல் போலு நகரில் தொடங்கிய சமூக மனநல மையங்கள் நாடெங்கும் பரவியுள்ளன. அவை பெரும்பாலும் மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு உடையோருக்கென அமைந்தவை என்றாலும், வீடு தேடிச் செல்லும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. புகார் வந்தவுடன் சுகாதாரப் பிரிவுக்குப் போகும் தாளின் ஒரு படி குடும்ப மருத்துவருக்கும் சமூகப் பணியாளருக்கும் போகட்டும். தீ, தொற்று போன்ற உடனடி ஆபத்து இருந்தால் நடைவழி, அடுப்படி, மின்பெட்டி ஆகியவற்றை மட்டும் அன்றே சீராக்கி, மற்றவற்றுக்கு அவரோடு பேசி நாள் குறியுங்கள். அவர் கேட்கும் பொருளைத் தேடித் தர ஒரு பணியாளரையேனும் ஒதுக்குங்கள். படக்கருவியைக் கட்டடத்துக்குள் விடாதீர்கள். அரசியலமைப்பின் 20, 21ஆம் பிரிவுகள் காக்கும் தனிவாழ்வும் இல்லமும் நாறும் வீட்டுக்குப் பொருந்தாது என்று அவற்றில் எழுதியிருக்கவில்லை.

இன்னொன்று அவசரமானது. 2012ஆம் ஆண்டின் 6306ஆம் எண் சட்டப்படி, நிலநடுக்கத்தைத் தாங்காத பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்டுவரும் இந்நகரில், வீட்டைக் காலிசெய்யும் கெடு முடியும் நாளில்தான் இத்தகைய வீடுகள் பல வெளிச்சத்துக்கு வரும். அப்போது சிகிச்சைக்கும் நேரமிராது, தேடவும் நேரமிராது. இடிப்பு அறிவிப்பு அனுப்பும்போதே, தனியே வாழும் முதியோரின் கதவைச் சமூகப் பணியாளர் ஒருவர் தட்டி, வீட்டைக் காலிசெய்ய உதவி வேண்டுமா என்று கேட்கும் ஏற்பாட்டைத் தங்கள் மாவட்டங்களில் இவ்வாண்டே தொடங்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆசியக் கரையில் வாடகைக்குக் குடியிருக்கும் தமிழர் ஒருவர்