நாலு மாசச் சினை

மன்னார்குடி
ஆனி மாசம்

மாப்ளே,

பொங்கலுக்கு நீ எழுதின கடுதாசிக்கு இப்பதான் பதில் போடறேன், திட்டாதே. அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. மேட்டூர் திறந்து, நாத்து விட்டாச்சு. ஒத்தக்கண்ணன் உன் சைக்கிளை இன்னும் திருப்பித் தரலை.

விஷயத்துக்கு வரேன். போன செவ்வாய்க்கிழமை கோட்டூர் பக்கம் ஒரு உம்பளச்சேரி மாடு. நெத்தியில நட்சத்திரம், நாலு காலும் வெள்ளை. என்கிட்ட மாட்டு வைத்தியப் பயிற்சிக்கு வந்திருக்கிற பொண்ணு, சினையான்னு ஆசனவாய் வழியா கையை விட்டுப் பார்த்துட்டு, "சினை இல்லை, வெறும் மாடு சார்"னுட்டா. அந்த வீட்டு அப்பாயி சந்தைக்கு ஓட்டக் கயித்தை அவிழ்த்தாச்சு. எனக்கு மனசு கேக்காம நானும் கையை விட்டேன். கருப்பைக்குப் போற ரத்தக்குழாய் விரலுக்கடியில விர்ர்னு அதிருது. நாலு மாசச் சினை!

அவ மேல தப்பில்லைடா. நாலாம் மாசம் கருப்பை கனத்துக் கீழே இறங்கிடும். கைக்கு ஒண்ணும் அகப்படாது, வெறும்னுதான் தோணும். அவ விரல் எதைத் தொடுதுன்னு எனக்குத் தெரியாது, நான் தொட்டதை அவளுக்குக் காட்டவும் முடியாது. நான் படிச்சப்ப ஒரே மாட்டை வரிசையா நின்னு பார்த்தோம். அது முக்கின சத்தம் இன்னும் காதுல இருக்கு.

உடனே, கம்ப்யூட்டர்ல இருக்கிற பொருளைக் கையால தொட வைக்கிற உன் வேலைதான் ஞாபகம் வந்தது. பிரிட்டன்ல சாரா பெய்லினு ஒரு மாட்டு டாக்டர் 20 வருஷம் முன்னாடியே மாட்டுக்கு இதைச் செஞ்சிருக்காங்க. மாட்டோட பின்பாகம் மாதிரி ஒரு கூடு. உள்ளே, தையக்காரங்க மாட்டுற விரல்தொப்பி மாதிரி ஒண்ணு. அதுல விரலை நுழைச்சா மோட்டார் விரலைத் திருப்பித் தள்ளும், கருப்பை அங்கேயே இருக்கிற மாதிரி. வாத்தியார் திரையில பார்த்து, "இன்னும் இடப்பக்கம்"னு சொல்லலாம்.

கண்ணுக்குப் படத்தை நொடிக்கு 90 தடவை மாத்தினா போதும், விரலுக்கு 1000 தடவை வேணும், இல்லைனா கெட்டியான பொருள்கூட நடுங்கும்னு நீதானே ஒரு ராத்திரி பூரா சொன்னே? ஆனா அந்த ரத்தக்குழாய் அதிர்வுக்கு செல்போன்ல இருக்கிற குட்டி மோட்டாரே போதும்டா! உடம்புச் சூடும், குடல் கையை நெரிக்கிறதும் அதுல வராது. வராட்டிப் போகட்டும், அதை மாடு கத்துக்கொடுக்கும். முதல்ல தடுமாறுறது உயிருள்ள மாட்டுக்குள்ள நடக்க வேண்டாம், அவ்வளவுதான்.

குறுவை அறுப்புக்கு நீ வந்தே ஆகணும். மோட்டாரும் லேப்டாப்பும் எடுத்துட்டு வா. கூட்டுக்கு ஆசாரிகிட்ட சொல்லியாச்சு. அப்ப அந்த மாட்டுக்கு ஏழு மாசம் ஆகியிருக்கும். அப்பாயிகிட்ட கேட்டு, அதைத் தொட்டுப் பார்த்தே மோட்டாரைச் சரிபண்ணிடுவோம். அந்தப் பொண்ணும் வரேன்னு சொல்லியிருக்கா.

உன்
மாட்டுக்காரன்