அரக்குத் தட்டை ஸ்பிரிட்டால் துடைக்கச் சொல்லலாமா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் வார இதழின் இசைப் பக்கத்தில், அமெரிக்க ஒலிச்சாதன விமர்சகர் ஆர்ட் டட்லியை நினைவுகூர்ந்து வந்த குறிப்பை வாசித்தேன். 2020 ஏப்ரலில் மறைந்த அவரை ஒரு தமிழ் இதழ் நினைத்ததே பெரிய காரியம். அதற்கு என் நன்றி. ஆனால் அவரைப் ‘பணக்காரரின் பொழுதுபோக்குக்கு எழுதியவர்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பிளேயரும் அம்பிளிபயரும் திருத்திப் பிழைக்கிற எங்களுக்கு அந்த வரி தைக்கிறது.

டட்லி யாரென்று தங்களுக்குத் தெரியாததல்ல. 1990களில் ‘லிஸனர்’ என்ற சிறு இதழை நடத்தியவர். பிறகு ‘ஸ்டீரியோஃபைல்’ இதழில் கடைசிவரை எழுதியவர். 1962இல் அந்த இதழைத் தொடங்கிய ஜே. கோர்டன் ஹோல்ட், விளம்பரம் தருகிறவரின் பொருளில் குறை சொல்லத் தயங்கும் இதழ்களை வெறுத்து வெளியே வந்தவர். அந்த வழியில் வந்த மனிதரைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் நிதானித்திருக்கலாம். விலை கூடிய சாதனங்களையும் அவர் கேட்டு எழுதினார்தான், அது அவர் தொழில். ஆனால் மனதை வைத்தது 1950களில் செய்த தோரன்ஸ் டிடி 124, கரார்ட் 301 என்ற பிளேயர்கள், பழைய அல்டெக் ஸ்பீக்கர் ஆகியவற்றில். வேறொருவர் கழித்துவிட்ட மெஷினைப் பிரித்து, துடைத்து, எண்ணெய் விட்டு மறுபடி ஓடவைப்பது பணக்காரரின் வேலையா? கல்முனையிலும் களுவாஞ்சிக்குடியிலும் திருத்துகிறவர்கள் செய்வதும் இதைத்தானே.

ஒன்றைச் சொல்கிறேன். டிடி 124இன் முதல் வகையில் சுழலும் தட்டு இரும்பு. ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜில், காந்தம் பலமான மூவிங் கொயில் வகையைப் பூட்டினால் இரும்பு அதைக் கீழே இழுக்கும். ஊசிப் பாரம் 2.5 கிராம் என்று தராசு காட்டும். றெக்கோட்டில் இறங்கியதும் அதைவிடக் கூடிவிடும். ஆகவே பாரத்தை றெக்கோட் இருக்கும் அதே உயரத்தில் வைத்துத்தான் அளக்கவேண்டும். அந்த மெஷினில் தட்டைச் சுழற்றும் றப்பர்ச் சில்லை, நிறுத்திய பின்னும் அழுத்தியபடி விட்டால் ஓரிடம் தட்டையாகி ‘டொக் டொக்’ என்று பாட்டுக்குள் வரும். டட்லியை வாசித்த மெக்கானிக் இந்த மாதிரி விஷயங்களைத்தான் தேடி வாசித்தான்.

அந்தக் குறிப்பின் கீழே பெட்டி கட்டி, ‘பழைய இசைத்தட்டுகளைப் பேணுவது எப்படி’ என்று ஒரு ஆலோசனையும் போட்டிருந்தீர்கள். பார்மசியில் ஸ்பிரிட் வாங்கிப் பஞ்சில் நனைத்துத் துடைக்கவேண்டுமாம். ஐயா, இதைத்தான் பொறுக்க முடியவில்லை. நிமிடத்துக்கு 33⅓ தடவை சுற்றும் எல்.பி. தட்டு 1948இல் வந்துவிட்டாலும், 1950களில் எங்கள் வீடுகளுக்கு வந்த தமிழ்த் தட்டுகளில் பெரும்பகுதி நிமிடத்துக்கு 78 தடவை சுற்றும் 78தான். அவை அரக்கில் செய்தவை. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். தச்சுப் பட்டறையில் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தானே பொலிஷ் செய்கிறார்கள்? நீங்கள் சொன்னபடி துடைத்தால் பஞ்சில் கறுப்பாக வரும். அழுக்குப் போகிறதென்று மேலும் தேய்ப்பார்கள். வருவது அழுக்கல்ல, பாட்டு. தடத்தின் சுவர் மழுங்கினால் பிறகு இரைச்சல்தான், அதற்கு மருந்தில்லை.

1978 சூறாவளியும் 2004 ஆழிப்பேரலையும் கொண்டுபோனதில் மிஞ்சியவையே இப்போது எங்கள் அலுமாரிகளில் கிடக்கின்றன. வாவியும் கடலும் இரண்டு பக்கமும் உள்ள ஊர்களில், மாரி வந்தால் தட்டில் பூஞ்சணம் பிடிப்பது உண்மை. அதற்கு வழி இருக்கிறது. முதலில் முற்றத்தில் வைத்து, மூக்கைக் கட்டிக்கொண்டு, மென்மையான தூரிகையால் பூஞ்சணத்தைத் தட்டவேண்டும்; பழைய கடதாசி உறையை எறிந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் திரும்பி வரும். ஒரு லீட்டர் காய்ச்சி வடித்த தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று துளி. மெல்லிய துணியைத் தோய்த்துப் பிழிந்து, தடம் போகும் போக்கிலேயே சுற்றித் துடைக்கவேண்டும், குறுக்கே தேய்க்கக்கூடாது. நடுவில் உள்ள லேபிளில் ஈரம் படவே கூடாது. வெறும் தண்ணீரில் தோய்த்த துணியால் மறுபடி துடைத்து, உடனே ஒற்றியெடுத்து, நிழலில் நிறுத்திவைத்துக் காயவிட வேண்டும். வெயிலில் வைத்தால் வளைந்துவிடும். வெடிப்புள்ள தட்டுக்குத் தண்ணீரும் காட்டக்கூடாது.

அந்தப் பெட்டியில் ஊசியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 78க்கு ஊசிமுனை ஆரம் 3 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்திலொன்று) அளவில் வேண்டும், எல்.பி.க்கு 0.7 மில். எல்.பி. ஊசியை 78இல் வைத்தால் அது தடத்தின் அடியில் கிடக்கும் குப்பையை உழுதுகொண்டு போகும். 78 ஊசியை எல்.பி.யில் வைத்தால் எல்.பி. போச்சு.

இது முதல் தடவை என்றால் எழுதியிருக்க மாட்டேன். கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவரும் பிளேயருக்கு டிரான்ஸ்போமர் போட்டால் போதும் என்று முன்பொருமுறை எழுதினீர்கள். டிரான்ஸ்போமர் 230 வோல்ட்டை 120 ஆக்கும். அங்குள்ள மின்சாரத்தின் செக்கனுக்கு 60 சைக்கிளை உண்டாக்காது. நம் கறண்ட் 50 சைக்கிள். பழைய ஏ.சி. மோட்டர் அந்தக் கணக்கில்தான் சுற்றும். 33⅓ ஓடவேண்டிய தட்டு நிமிடத்துக்கு 28க்கும் குறைவாக ஓடும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டைக்கும் சற்றுக் கீழே இறங்கிவிடுவார். 50 சைக்கிள் புல்லி மாற்றவேண்டும். அப்போதும் எழுதிப்போட்டேன், வெளிவரவில்லை.

விளம்பரப் பக்கத்தில் வரும் ‘5000 வாட் பி.எம்.பி.ஓ.’ என்ற ஊதிப்பெருக்கிய வாட் கணக்கைப் பற்றியும் தாங்கள் ஒருநாளும் ஒரு வரி எழுதியதில்லை. சத்தம் வாட்டில் மட்டும் இல்லை: ஒரு வாட்டுக்கு 88 டெசிபெல் சத்தம் தரும் ஸ்பீக்கருக்கு 100 வாட் தேவைப்படும் சத்தத்தை, 98 டெசிபெல் ஸ்பீக்கர் 10 வாட்டில் தந்துவிடும். கோயில் திருவிழாவில் கட்டும் கூம்பு ஸ்பீக்கர் சின்ன அம்பிளிபயரில் ஊர் முழுக்கக் கேட்பதும் அதனால்தான். டட்லியின் வீட்டில் அல்டெக்கின் கூம்பு ஸ்பீக்கரோடு சிறிய வால்வு அம்பிளிபயர் போதுமாயிருந்ததும் இதே கணக்கில்தான். வாட்டைக் காட்டி மயக்குகிறவர்களை விட்டுவிட்டு, காதால் கேட்டு எழுதியவரைக் குறை சொல்வது நியாயமா?

அந்த ஒரு வரியைத் திரும்பப் பெறும்படி கேட்கவில்லை, அது தங்கள் மனச்சாட்சியைப் பொறுத்தது. 78 தட்டுகளை ஸ்பிரிட்டால் துடைக்கவேண்டாம் என்ற திருத்தத்தை மட்டும், அடுத்த இதழில் அதே இசைப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் பெட்டி கட்டிப் போடுங்கள். மாரி தொடங்குவதற்கு முன் வந்தால் நல்லது. தட்டுகளை ஆட்கள் வெளியே எடுப்பது அப்போதுதான்.

இப்படிக்கு,
வாசகர்,
ஆரையம்பதி, மட்டக்களப்பு.