பலகையில் 100, வெளிச்சத்தில் 50 மீட்டர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

26 வருஷம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். பெரும்பாலும் விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, திருச்சி தடம்தான். சாலை வேகத்தைப் பற்றி யார் பேசினாலும் மணிக்கு 100 கிலோமீட்டரா 120-ஆ என்பதிலேயே பேச்சு நின்றுவிடுகிறது. 2018-இல் மத்திய அரசு எக்ஸ்பிரஸ் சாலையில் காருக்கு 120, நடுவில் தடுப்பு உள்ள நான்குவழிச் சாலையில் 100 என்று அறிவித்தது, 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. நீதிமன்றம் செய்தது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் என் கவலை ராத்திரியைப் பற்றியது.

பகலில் மழை இல்லாமல் ரோடு காலியாக இருந்தால் பழகிய கை 100-இல் ஓட்டிவிடும். ராத்திரியிலும் பலகை அதே எண்ணைத்தான் காட்டுகிறது. டிம் போட்டு ஓட்டும்போது முன்னால் 50 மீட்டர் தெளிவாகத் தெரிந்தாலே பெரிய விஷயம். 100-இல் போகிற கார் ஒரு வினாடியில் 28 மீட்டர் ஓடுகிறது. கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் அந்த 28 மீட்டர் போய்விடும், அப்புறம் நல்ல டயர், காய்ந்த ரோடு என்றாலும் வண்டி நிற்க இன்னும் 50 மீட்டருக்கு மேல் வேண்டும். 80-இல் போனாலும் இடம் பற்றாது. 60-இல் என்றால் நின்றுவிடலாம். இந்தக் கணக்கை லைசென்ஸ் வாங்க வருகிற பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தருவதாகத் தெரியவில்லை, எட்டு போட்டுக் காட்டினால் போதும் என்று அனுப்பிவிடுகிறார்கள்.

எங்கள் பக்கம் கரும்பு வெட்டுகிற மாதங்களில் டிராக்டர் டிரெய்லர்கள் ராத்திரி முழுக்க ரோட்டில்தான். பின்னால் ஒரு சிவப்பு விளக்கு இருக்காது, இருந்தாலும் தொங்குகிற கரும்புச் சோகை அதை மறைத்திருக்கும். ஒரு தை மாதம் விடியற்காலை மூன்றரை மணிக்கு நாற்பது பயணிகளோடு வந்துகொண்டிருந்தேன். பின்னால் ஒரு கார் வழி கேட்டு ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது, நான் 60-ஐத் தாண்டவில்லை. எதிர்த் தடத்தில் வந்த லாரியின் வெளிச்சம் கண்ணை விட்டு விலகியபோது, நேர் எதிரே கரும்புக் கட்டு. வண்டி நின்ற பிறகு பார்த்தால் முன்கண்ணாடிக்கும் கரும்புக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம்தான் இருந்தது. கண்டக்டர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அன்றைக்கு 80-இல் வந்திருந்தாலும் நான் சட்டப்படி குற்றவாளி இல்லை, அதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

ஸ்பீடு கன்னை நான் பார்ப்பதெல்லாம் பகலில், அதுவும் நேரான வெட்டவெளி ரோட்டில். அபராதம் போடுவது தப்பில்லை. ஆனால் ஊர் பிரியும் இடத்தில், நடுத்தடுப்பு திறந்திருக்கும் இடத்தில், ராங் சைடில் பைக் ஏறுகிற இடத்தில், பொழுது சாய்ந்த பிறகு நின்றால்தானே உயிர் மிஞ்சும்? கேமராவுக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும், 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று 2021-லேயே விதி வந்துவிட்டது. பலகையைப் பார்த்து வேகத்தைக் குறைத்துத் தப்பிக்கிறார்களே என்று சிலர் குறைப்படுகிறார்கள். தாராளமாகத் தப்பிக்கட்டும். கிராமத்துப் பிரிவுக்கு 300 மீட்டர் முன்னால் அந்தப் பலகையை வைத்தால், குறைக்க வேண்டிய இடத்தில் குறைத்துவிடுவார்கள் இல்லையா?

அப்புறம் டிரெய்லர்களுக்கு ஒளிரும் ஸ்டிக்கர். டிராக்டர்காரரைத் திட்டுவதில் பலன் இல்லை, அவரும் வெட்டுக்கூலிக்கும் டீசலுக்கும் நடுவில் திண்டாடுகிறவர். லோடு இறக்க எல்லா வண்டியும் சர்க்கரை ஆலை வாசலில் வரிசையில் நின்றுதான் ஆக வேண்டும், போக்குவரத்து அலுவலர்கள் அங்கேயே வந்து பின்பக்கமும் பக்கவாட்டிலும் ஒட்டிவிடலாம். அடுத்த அரவை தொடங்கும் முதல் வாரத்திலேயே இதைச் செய்யும்படி மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர்,
விழுப்புரம்