மாற்று சைலன்சருக்கும் ரேடியேட்டருக்கும் சோதனை முத்திரை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பைக்குகளிலிருந்து கழற்றிய சைலன்சர்களைத் தரையில் வரிசையாக அடுக்கி, ரோடு ரோலர் ஏற்றி நசுக்கும் படங்கள் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. ராத்திரி நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் படபடவென்று வெடித்துக்கொண்டு போகிற பைக்கைப் போலீசார் பிடிப்பதில் எனக்கு மறுப்பே இல்லை. பிடிக்கத்தான் வேண்டும். ஆனால், கோவையில் பந்தய வாகனங்களுக்கு எக்ஸாஸ்டும் (சைலன்சரோடு சேர்ந்த புகைக்குழாய்) இன்ஜினைக் குளிர வைக்கும் ரேடியேட்டரும் செய்து பிழைக்கிறவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ரோலருக்கு அடியில் போவது வாங்கியவரின் காசு. அந்த வெறுங்குழாயைச் செய்தவரும் விற்றவரும் மறுநாளே அடுத்த பையனுக்கு அதையே விற்கிறார்கள். சோதித்துச் செய்கிற பட்டறை எது, சோதிக்காமல் விற்கிற பட்டறை எது என்று பிரித்துக் காட்ட மக்களிடமும் அடையாளம் இல்லை, போலீசாரிடமும் இல்லை. அந்த அடையாளத்தைக் கேட்டுத்தான் இந்தக் கடிதம்.

கோவைக்கு இது புதுத் தொழில் அல்ல. மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கிய எஸ். கரிவரதன் இந்த ஊர்க்காரர். அவர் பெயரைத் தாங்கிய பந்தய ஓடுதளம் செட்டிபாளையத்தில் 2003 முதல் இருக்கிறது. 2005-ல் ஃபார்முலா 1-ல் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் இங்கே வளர்ந்தவர். லேத்தும் ஃபவுண்டரியும் பம்ப்செட்டும் நிறைந்த ஊரில் பந்தயக் காருக்கு ஒரு பாகம் வேண்டுமென்றால் காலையில் கேட்டு மாலையில் கடைந்து வாங்கிவிடலாம். என்னைப் போன்ற சிறு பட்டறைகள் அப்படித்தான் வளர்ந்தோம்.

சைலன்சரில் சோதிக்க என்ன இருக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். நாங்கள் செய்கிற வகையின் உள்ளே துளைகள் போட்ட ஒரு குழாய் இருக்கும். அதைச் சுற்றிக் கிளாஸ் வூல் என்கிற கண்ணாடி நார், அதற்கு மேல் வெளி உறை. புகை குழாய் வழியே நேராகப் போகும். சத்தம் துளைகள் வழியே வூலுக்குள் புகுந்து அடங்கும். குழாயின் விட்டம், துளைகளின் மொத்தப் பரப்பு, உறையின் நீளம், வூலை எவ்வளவு இறுக்கமாக அடைத்திருக்கிறோம் என்பதெல்லாம் சேர்ந்துதான் வெளியே வரும் சத்தத்தை முடிவு செய்கின்றன. வூலில் மிச்சம் பிடிப்பது எளிது. புதிதாக மாட்டும்போது பெரிய வித்தியாசம் தெரியாது. ஓட ஓட அந்த வூல் கருகித் துகளாகிப் புகையோடு வெளியேறிவிடும். பிறகு மிஞ்சுவது துளைக் குழாயும் தகர உறையும்தான். அதனால் மாட்டிய அன்றைக்கு எடுத்த அளவை நான் நம்புவதில்லை. நெடுந்தூரம் ஓட்டித் திரும்பிய பிறகு அளந்ததைத்தான் கணக்கில் எடுப்பேன். ஐரோப்பிய நாடுகளில் நார்ப்பொருள் அடைத்த மாற்று சைலன்சரை இப்படி ஓட்டிப் பழக்கிய பிறகோ, நாரை எடுத்துவிட்டோதான் பொதுவாகச் சத்தச் சோதனைக்கு ஏற்கிறார்கள்.

அளப்பதற்கும் முறை இருக்கிறது. புகை வெளியேறும் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி கோணத்தில், வாயின் உயரத்திலேயே மைக்கை நிறுத்த வேண்டும். சுற்றிலும் 3 மீட்டருக்குச் சுவரோ வேறு வண்டியோ இருக்கக்கூடாது. சத்தம் பட்டுத் திரும்பி மீட்டரை ஏமாற்றிவிடும். அதிக ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்றுகள்) ஓடுகிற பைக் என்றால், உச்ச பவர் வருகிற இன்ஜின் வேகத்தில் பாதிக்கு ஏற்றி நிறுத்தி, சட்டென்று த்ராட்டிலை விட வேண்டும். அந்த நேரத்தில் மீட்டர் காட்டும் உச்சம்தான் அளவு. ஞாயிறு காலையில் தொழிற்பேட்டை அடங்கிக் கிடக்கும்போது நாங்கள் இதைச் செய்கிறோம். மற்ற நாட்களில் பக்கத்துப் பட்டறையின் கம்ப்ரசர் சத்தமே மீட்டரில் ஏறிவிடுகிறது.

இவ்வளவும் செய்து கொடுத்தால் வாங்க வருகிற பையன் முதலில் சொல்வது, “அண்ணா, சத்தமே பத்தலீங்களே.” அவனை, வண்டியின் பவரை அளக்கும் டைனோ மெஷின் பக்கம் கூட்டிப் போய் உட்கார வைப்பேன். கம்பெனி சைலன்சரோடு ஓட்டுவோம், எங்களுடையதை மாட்டி ஓட்டுவோம், மறுபடியும் கம்பெனி சைலன்சரை மாட்டி ஓட்டுவோம். மூன்றாவது ஓட்டம் முதல் ஓட்டத்தோடு ஒத்துப்போனால்தான் நடுவில் வந்த எண்ணுக்கு மதிப்பு. பல கடைகளில் காலையில் கம்பெனி சைலன்சரையும் மத்தியானம் புது சைலன்சரையும் ஓட்டிக் காட்டுகிறார்கள். சில இடங்களில் வரிசையை மாற்றி வைத்து எண்ணை ஏற்றுகிறார்கள். காற்றின் வெப்பம் 30 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் அதன் அடர்த்தியே 3 சதவீதம் குறைந்துவிடும். சைலன்சரால் வந்ததாகச் சொல்கிற பவர் பல நேரம் அதற்குள்ளேயே அடங்கிவிடும். பைக்குக்கு முன்னால் போதுமான காற்று வீசும் ஃபேன் இல்லாமல் எடுத்த அளவும் அப்படித்தான். இன்ஜின் சூடேறச் சூடேற எண் இறங்கும்.

வேலைப்பாட்டில் ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) குழாயை ஆர்கான் வெல்டிங் செய்யும்போது, வெளியே மட்டுமல்ல, குழாய்க்கு உள்ளேயும் ஆர்கான் வாயுவை நிரப்ப வேண்டும். நிரப்பாமல் ஒட்டினால் வெளிப்பக்கம் காசு அடுக்கியதுபோல அழகாக இருக்கும். உள்பக்கம் கருகிப் பொரிந்துபோய்ச் சொரசொரப்பாகக் கிடக்கும். விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். ஒரு மீட்டர் எஸ்.எஸ். குழாய் 600 டிகிரி சூடேறினால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீள்கிறது. அந்த நீட்சிக்கு இடம் விட்டு, ஸ்பிரிங் போட்ட வழுக்கு இணைப்பு வைக்காவிட்டால் இன்ஜினிலிருந்து வளைந்து வரும் பெண்ட் பைப் எங்காவது பிளந்தே தீரும். எங்கள் வெல்டர் ஒட்டியதில் சிலவற்றை நான் வேண்டுமென்றே குறுக்கே அறுத்து உள்ளே பார்ப்பேன். ஒரு பீஸ் வீணாகிறதே என்று அவருக்கு வருத்தம்தான். ஆனாலும் அறுக்காமல் தெரியாது.

சத்தமாவது பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கிறது, புகார் வருகிறது. ரேடியேட்டர் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. எனக்கு அதில்தான் கவலை அதிகம்.

பவரைக் கூட்டினால் வெப்பமும் கூடும், பெரிய ரேடியேட்டர் வேண்டும் என்பது சரி. ஆனால் கனமான கோர் (குழாய்களும் அவற்றுக்கு நடுவே ஃபின் என்கிற மெல்லிய தகடுகளும் சேர்ந்த நடுப்பகுதி) போட்டால் நன்றாகக் குளிரும் என்பது எல்லா நேரத்திலும் உண்மை இல்லை. கோர் தடிமனாக ஆக, ஃபின்கள் நெருக்கமாக ஆக, காற்று உள்ளே நுழைய மறுத்து ஓரமாக விலகிப் போய்விடும். முன்னால் போகிற காரின் வாலைப் பிடித்து ஓடும்போது நிலைமை இன்னும் மோசம்; வருகிற காற்றும் குறைவு, வருவதும் சூடு. இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்தின் ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். சென்னை வெயிலில் அங்கே சுற்றிவிட்டு வந்த காரின் ரேடியேட்டரைக் கழற்றிப் பார்த்தால் ஃபின்களுக்குள் டயர் ரப்பர் துணுக்கும் காய்ந்த புல்லும் அடைத்துக்கொண்டிருக்கும். பட்டறையில் பளபளவென்று இருந்த கோருக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. அந்த அடைப்புக்கும் சேர்த்து இடம் விட்டுத்தான் அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

நாங்கள் செய்கிற சோதனை இதுதான். சுடுதண்ணீரை நிமிடத்துக்கு 60 லிட்டர் வீதம் ரேடியேட்டருக்குள் ஓடவிட்டு, நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் வெப்பத்தை அளப்போம். 6 டிகிரி குறைந்தால் கிட்டத்தட்ட 25 கிலோவாட் வெப்பத்தை அது வெளியேற்றுகிறது என்று கணக்கு. பிறகு வண்டியில் மாட்டி முழு பாரத்தில் ஓட்ட வேண்டும். வெளியே 30 டிகிரி இருக்கும்போது கூலன்ட் (ரேடியேட்டருக்குள் ஓடும் குளிர்விப்புத் திரவம்) 105 டிகிரியில் நின்றால் வித்தியாசம் 75. மூடி தாங்குகிற அழுத்தத்தில் அந்தக் கூலன்ட் 120 டிகிரியில் கொதிக்கும் என்றால், 45 டிகிரி வெயில் வரை அந்த வண்டி தாங்கும். ரேடியேட்டர் வாங்குகிற ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய எண் இந்த 45தான். கேட்பவர்கள் மிகக் குறைவு. கேட்டாலும் சொல்லத் தெரிந்த விற்பனையாளர் அதைவிடக் குறைவு.

கசிவுச் சோதனையும் இப்படித்தான் அலட்சியப்படுத்தப்படுகிறது. 1.1 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) மூடி போடுகிற ரேடியேட்டரை 2 பார் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று பார்ப்போம். அது முதல் கட்டம்தான். கொதிக்கும் தண்ணீர், குளிர்ந்த தண்ணீர் என்று மாற்றி மாற்றிப் பாய்ச்சிவிட்டு மறுபடியும் அமிழ்த்த வேண்டும். குழாய்கள் பக்கத் தகட்டில் சேருகிற இடத்தில் முதல் முறை வராத குமிழி இப்போது வரும். இந்த இரண்டாம் கட்டத்தைச் செய்யாத ரேடியேட்டரின் பக்கத் தொட்டி மலைப்பாதையில் ஏறும்போது பிளந்தால் நூறு டிகிரிக்கு மேல் சூடேறிய தண்ணீர் ஓட்டுகிறவரின் காலில் பீய்ச்சும். வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. வார இறுதியானால் பையன்கள் இந்த மாற்றுப் பாகங்களோடு அங்கேதான் போகிறார்கள்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்துக்குப் பிறகு, சத்தம், புகை விதிகளை மீறி ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதமும், 3 மாதம் வரை சிறையும் விதிக்கலாம். 175 சி.சி.க்கு மேற்பட்ட பைக்குகள் ஓடும்போது 80 டெசிபலைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு தயாரிப்பாளர்களுக்கு இருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்துவிட்டது. அதன் உயிர்நாடி, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர். சாலையில் ஓடும் வண்டியில் அதை வெட்டி எடுக்கச் சொல்லி எங்களிடம் வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறோம். அவர்கள் வேறு பட்டறையில் அரை மணி நேரத்தில் வெட்டிக்கொண்டு போவதும் எனக்குத் தெரியும். அதைத் தடுக்கிற எந்தக் கடுமையையும் நான் வரவேற்கிறேன்.

ஆனால் இதே சட்டத்துக்குள் நல்ல வழியொன்று ஏற்கெனவே இருக்கிறது. பெட்ரோல் காருக்கு சி.என்.ஜி. கிட் மாட்டுகிறோமே, அது எப்படி நடக்கிறது? கிட் தயாரிப்பாளர் அதைச் சோதனை நிறுவனத்தில் கொடுத்து ஒப்புதல் வாங்குகிறார், அனுமதி பெற்ற இடத்தில் மாட்டுகிறார்கள், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி. புத்தகத்தில் ஏறுகிறது. எரிவாயு சிலிண்டரையே மாட்ட இப்படி ஒரு வழி இருக்கும்போது சைலன்சருக்கு ஏன் இருக்கக்கூடாது? ஐரோப்பாவில் பைக்குகளின் மாற்று சைலன்சருக்கு ஐ.நா. ஒழுங்குமுறை 92, கார்களுடையதற்கு 59 என்று தனி விதிகளே இருக்கின்றன. தேறிய சைலன்சரின் உடம்பிலேயே வட்டத்துக்குள் ஆங்கில ‘E’ எழுத்தும் ஒப்புதல் எண்ணும் பொறித்திருக்கும். வண்டியின் சட்டகத்தில் எத்தனை ஆர்.பி.எம்.-ல் எத்தனை டெசிபல் என்று எழுதியிருப்பதால், சோதிக்கிற போலீஸ்காரர் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு விடலாம் அல்லது பிடிக்கலாம். காதால் கேட்டு முடிவு செய்ய வேண்டியதில்லை.

களத்தில் இதெல்லாம் நடக்கிற காரியமா என்று சந்தேகப்படுகிறவர்கள், மாணவர்கள் தாங்களே செய்த கார்களோடு செட்டிபாளையத்துக்கு வரும் ஃபார்முலா பாரத் போட்டியை ஒருமுறை வந்து பார்க்கலாம். இன்ஜின் சும்மா ஓடும் ஐடிலில் 103, அதற்கு மேற்பட்ட இன்ஜின் வேகங்களில் 110 டெசிபல் என்று, தாழ்ந்த ஒலிகளையும் கணக்கில் சேர்க்கும் சி அளவையில் வரம்பு. மீட்டர் தாண்டினால் எவ்வளவு நல்ல காராக இருந்தாலும் ஓடுதளத்துக்குள் விடமாட்டார்கள். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் மட்டும்தான் ஊற்றலாம். கூலன்ட் கொட்டினால் தளம் வழுக்கிப் பின்னால் வருகிறவர் விழுவார். கல்லூரிப் பிள்ளைகள் இந்த விதிகளுக்குள் நின்றுதான் கார் செய்து ஓட்டுகிறார்கள். பட்டறைக்காரர்கள் எங்களுக்கும் அது முடியும்.

ஓரகடத்தில் மத்திய அரசின் வாகனச் சோதனை மையம் இருக்கிறது. அங்கே மாதத்தில் சில நாட்களையாவது சிறு தயாரிப்பாளர்களுக்கு ஒதுக்கி, எங்களுக்குக் கட்டுப்படியாகும் கட்டணம் வைத்து, பழக்கிய பிறகு சத்தம், புகை, ரேடியேட்டரின் அழுத்தம், வெப்பத் தாங்குதிறன் என்று சோதிக்கட்டும். தேறினால் எண் கொடுக்கட்டும். அதை நாங்கள் அழியாதபடி பாகத்திலேயே பொறிக்கிறோம். சத்தத்தை அடக்கும் உள்செருகியை ஒரே ஸ்க்ரூவில் கழற்றிவிடும்படி செய்கிற சைலன்சருக்கு எண்ணே கொடுக்கக்கூடாது. பந்தயத்துக்கு மட்டும் செய்கிற பாகத்தில் அப்படியே எழுதி, சாலையில் மாட்டினால் விற்ற கடையிலும் விசாரிக்க வேண்டும். எண் இல்லாததைச் செய்பவர், விற்பவர் மீதும் வழக்கு வரட்டும்.

போக்குவரத்துத் துறை இதற்காகக் கோவையில் ஒரு கூட்டம் போட்டு எங்களைக் கூப்பிட வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் சைலன்சரையும் ரேடியேட்டரையும் அளந்த தாள்களையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். வேண்டுமானால் அங்கேயே அறுத்துப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
பந்தய வாகன உதிரிபாகப் பட்டறை நடத்துபவர்,
கோயம்புத்தூர்.