ஸ்பெஷல் டீச்சர், பிசியோ சம்பளத்த மாநில பட்ஜெட்லயே வைங்க: ஒரு திறந்த மடல்

பள்ளிக்கல்விக்கும் நிதிக்கும் பொறுப்பா சென்னையில இருக்கிற அய்யாமாருக்கும் அம்மாமாருக்கும்,

கன்னியாகுமரி மாவட்டத்துல ஒரு கடற்கரை ஊர்ல இருந்து எழுதுறேன். எனக்க மவனுக்கு 11 வயசு, செரிப்ரல் பால்சி, அதாவது மூளை பாதிப்பால கை கால் சரியா அசையாது. வீட்டுக்காரரு தங்கலுக்கு, அதாவது கடல்லயே தங்கி மீன்பிடிக்க, போனா வர நாளாவும், அதனால பிஆர்சில, அதாவது வட்டார வள மையத்துல, பிசியோ பயிற்சிக்கு இவன தூக்கிட்டு போறது நான்தான். டவுன் பஸ்ல எங்க ரெண்டு பேருக்கும் டிக்கெட் கிடையாது, நல்ல விஷயம்தான், ஆனா 28 கிலோவ இடுப்புல வச்சிட்டு அந்த படியில ஏறிப் பாக்கணும் கேட்டியளா.

அங்க இருந்த பிசியோ பிள்ளை ரெண்டு வருஷம் கஷ்டப்பட்டு இவனுக்கு சுவர பிடிச்சு நிக்க படிச்சு குடுத்தா. ஒருநாள் போனா மொகமே சரியில்ல, கேட்டா ரெண்டு மாசமா சம்பளம் வரல, பெட்ரோலுக்கே கடன்னு சொல்லுதா. பிறகு பிரைவேட்டுக்கு போயிட்டா. புது ஆள் வர நாலு மாசம், அதுக்குள்ள இவனுக்க கால் மடங்குனபடியே இறுகிப்போச்சு.

அப்பத்தான் அவளுக்க சம்பளப் பணம் எங்கேருந்து வருதுன்னு தேடிப் பாத்தேன். 2018ல வந்த சமக்ர சிக்ஷாங்கிற பள்ளிக்கல்வி திட்டம், செலவுல மத்திய அரசு நூத்துக்கு 60, மாநிலம் 40. இந்த மாதிரி பிள்ளைகளோட தேவைக்குன்னு தனியா வருஷத்துக்கு ஒரு பிள்ளைக்கு 3500 ரூபாய் வரை, அதாவது நாளுக்கு பத்து ரூபாய்கூட இல்ல, எங்க ஊர்ல ஒரு சாயா கிட்டாது. அதுலயும் 2024-25ல பிஎம் ஸ்ரீங்கிற மத்திய அரசு மாதிரிப் பள்ளி திட்ட ஒப்பந்தத்துல மாநிலம் கையெழுத்து போடலன்னு 2152 கோடிய டெல்லி நிறுத்தி வச்சுது. அது அநியாயம்தான், நான் உங்க பக்கம்தான். ஆனா இந்த மாதிரி பிள்ளைங்க சின்ன வகுப்புல 10 பேருக்கு ஒரு ஸ்பெஷல் டீச்சர், பெரிய வகுப்புல 15 பேருக்கு ஒண்ணுன்னு 2021ல சுப்ரீம் கோர்ட் சொன்னதுல டெல்லி பணம் வந்தா மட்டும்னு எங்கயும் இல்லையே?

கணக்கு டீச்சர் சம்பளத்துக்கு டெல்லிய பாத்து நிக்கியளா? இல்லல்லா. அதுமாதிரி ஸ்பெஷல் டீச்சரையும் பிசியோவையும் தொகுப்பூதியத்துல வைக்காம நிரந்தர போஸ்ட்டா ஆக்கி, சம்பளத்த மாநில பட்ஜெட்ல தனி தலைப்புல போடுங்க, டெல்லி பணம் வரும்போது அதுல வரவு வச்சுக்கிடுங்க. மாவட்டத்துல 9 வட்டாரம், மலையில காணி பழங்குடி குடியிருப்பு வரைக்கும் பிள்ளைங்க இருக்கு, அங்க வீட்டுக்கே போற ஆளுக்கு பெட்ரோல் காசும் சேத்து போடுங்க.



இப்படிக்கு,
ஒரு அம்மை, குமரி மாவட்டம்