‘ஏன் கத்தல?’ என்று கேட்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

செல்லூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் நாத்தனாருக்குப் பாலியல் வன்கொடுமை நடந்து மூன்று வருடம் ஆகிறது. உடம்புக் காயம் இரண்டு வாரத்தில் ஆறியது. இன்றும் பீடி வாடை வந்தால் கை நடுங்கி ஊசியைக் கீழே போட்டுவிடுகிறாள். பொழுது சாய்ந்தால் சிம்மக்கல்லில் இறங்கி வைகைப் பாலத்தைத் தனியாகக் கடக்க மாட்டாள். விடியும்வரை உறக்கமில்லை. ‘பயந்த கோளாறு’ என்று கோடாங்கியிடம் கூட்டிப்போய்த் திருநீறு போட்டோம். ஒரு வருடம் வீணாய்ப் போனது. அதற்கு நானும்தான் பொறுப்பு.

அதைவிட அவளை அறுத்தது உறவுக்காரர்களின் கேள்வி: “ஏன்டி கத்தல?” பெரும் பயத்தில் உடம்பு மரத்துக் குரல் அடைத்துப்போவது உண்டு, அது சம்மதம் ஆகாது என்று மனநல மருத்துவர் சொன்னபோதுதான் முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். மாத்திரையோடு பேச்சு சிகிச்சையும் நடக்கிறது. இப்போது நான்கு மணி நேரம் தூங்குகிறாள்.

அரசு மருத்துவமனையோ தனியாரோ, இப்படிப் பாதிக்கப்பட்டவருக்கு உடனே இலவச சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம். பெண்கள் உதவிக்கு 181, மனநல உதவிக்கு 14416 எண்களில் எந்நேரமும் பேசலாம். மாட்டுத்தாவணி பேருந்து நிலையப் பெண்கள் கழிப்பறைக் கதவுகளில் இந்த எண்களை மாநகராட்சி எழுதிவைக்க வேண்டும். அன்றைக்கு எங்களுக்குச் சொல்ல ஆளில்லை.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
செல்லூர், மதுரை